2147483647: முப்பத்தொரு ஒன்றுகளால் ஆன பகா எண்

கேள்வி இது: "புரோகிராம் எழுதும்போது 2147483647 என்ற எண் அடிக்கடி எதிர்ப்படுகிறது. அது பகா எண் என்று படித்தேன். இவ்வளவு பெரிய எண்ணைக் கம்ப்யூட்டர் இல்லாத காலத்திலேயே பகா எண் என்று எப்படி நிரூபித்தார்கள்? பகா எண் என்பதால்தான் கம்ப்யூட்டருக்குள் அதற்கு இடம் கிடைத்ததா? கணிதத்தில் அதற்கு வேறென்ன விசேஷம்?"

இரண்டாவது கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம்: இல்லை. மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

இந்த எண்ணை நம் வழக்கில் வாசித்தால் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. பார்த்தால் ஏதோ ஒரு போன் நம்பர் மாதிரி இருக்கிறது. ஆனால் இது 2³¹ − 1. சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்துக்கு ஒரு நெல், அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகிற கதை தெரியும்தானே? அதில் முதல் 31 கட்டங்களில் கிடக்கும் நெல்மணிகளின் மொத்தம்தான் இது. இரும எண்ணாக, அதாவது 0, 1 இரண்டை மட்டும் வைத்து எழுதினால் வெறும் 31 ஒன்றுகள், நடுவில் ஒரு பூச்சியம்கூடக் கிடையாது.

2³¹-ஐ இந்த எண்ணால் வகுத்தால் மீதி 1. ஒன்றைக் குறைத்துத்தானே எண்ணையே உண்டாக்கினோம், இதில் என்ன ஆச்சரியம் என்று தோன்றும். ஆச்சரியம் இல்லைதான். ஆனாலும் இந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்போவதில் முக்கால்வாசி அதிலிருந்துதான் கிளம்புகிறது.

முதலில், ஏன் 31? அடுக்கு பகு எண்ணாக இருந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும். 2¹⁵ − 1 என்பது இருமத்தில் 15 ஒன்றுகள். அவற்றை மும்மூன்றாக வெட்டுங்கள்: 111 111 111 111 111. ஒவ்வொரு துண்டும் 7. ஆகவே முழு எண்ணும் 7-ஆல் வகுபடும். ஐந்தைந்தாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் 31, அதனாலும் வகுபடும். 31 ஒன்றுகளை இப்படிச் சம துண்டுகளாக வெட்ட வழியில்லை. அதனால் அது பகா எண்ணாக இருக்க வாய்ப்பு உண்டு. வாய்ப்பு மட்டும்தான். 11-ம் பகா எண்தான், ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89.

இந்த இடத்தில் பெரிய மனிதர்களே வழுக்கியிருக்கிறார்கள். இத்தாலியின் பொலோனாவில் இருந்த கணிதர் கட்டால்டி, 2¹⁷ − 1, 2¹⁹ − 1 இரண்டையும் முறையாக வகுத்துப் பார்த்துப் பகா எண்கள் என்று நிறுவினார். அதோடு நிற்காமல் 23, 29, 31, 37 என்ற அடுக்குகளும் பகா எண்ணையே தரும் என்று 1603-இல் எழுதினார். 23-ஐயும் 37-ஐயும் 1640-இல் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா உடைத்தார்: 2²³ − 1 = 47 × 178481. 29-ஐ சுவிஸ் கணிதர் ஆய்லர் உடைத்தார்: 233 × 1103 × 2089. நான்கில் தப்பியது 31 ஒன்றுதான். 1644-இல் மெர்சென் பாதிரியார் வெளியிட்ட பட்டியலிலும் 31 இருந்தது. ஆனால் அந்தப் பட்டியலில் வரக் கூடாத 67-ம் 257-ம் இருந்தன, வர வேண்டிய 61, 89, 107 இல்லை. இத்தனை பிழைக்குப் பிறகும் இந்த வகை எண்களுக்கு மெர்சென் எண்கள் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பாவம் கட்டால்டி.

31-க்கு நிரூபணம் கொடுத்தவர் ஆய்லர். 1772-இல், செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் இருந்து பெர்னூலி குடும்பத்துக் கணிதர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில். அப்போது அவருக்கு 65 வயது, கண்பார்வை கிட்டத்தட்ட முழுவதும் போயிருந்தது. மனத்தில் கணக்குப் போட்டுச் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள்.

சாதாரண வழி எவ்வளவு நீளம் என்று பாருங்கள். ஒரு எண் பகா எண்ணா என்று அறிய அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். இங்கே வர்க்கமூலம் 46340-ஐச் சற்றுத் தாண்டுகிறது. அதற்குள் 4792 பகா எண்கள் இருக்கின்றன. அத்தனையாலும் பத்து இலக்க எண்ணைக் கையால் வகுக்க வேண்டும். ஒரு வகுத்தலுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தாலும் 400 மணி நேரம். நடுவில் ஒரு இடத்தில் பிசகினால் அத்தனையும் வீண்.

ஆய்லர் அந்தப் பக்கமே போகவில்லை. வகுத்தி என்று ஒன்று இருந்தால் அது எந்த உருவத்தில் இருக்க வேண்டும் என்று முதலில் கேட்டார். ப என்ற பகா எண் 2³¹ − 1-ஐ மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2³¹-ஐ ப-ஆல் வகுத்தால் மீதி 1. அதாவது 1-இல் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொரு தடவையும் ப-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டால், 31 அடியில் மறுபடி 1-க்கு வந்துவிடுவோம். அதற்கு முன்பே வந்திருக்க முடியுமா? முடியாது. முன்பே வந்தால் அந்தச் சுற்றின் நீளம் 31-ஐ வகுக்க வேண்டும். 31 பகா எண், அதை வகுக்க 1-ஐ விட்டால் ஆள் இல்லை. ஆகவே சுற்று சரியாக 31 அடி. மறுபக்கம், ஃபெர்மாவின் சிறிய தேற்றம் ப − 1 அடிகளில் கட்டாயம் 1-க்குத் திரும்ப வேண்டும் என்கிறது. ஆகவே ப − 1 என்பது 31-இன் மடங்கு. இரட்டை எண்ணும்கூட, ஆகவே 62-இன் மடங்கு. முடிந்தது: வகுத்தி எதுவாக இருந்தாலும் 62-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும்.

இன்னொரு சல்லடையும் இருக்கிறது. 2³¹-க்கு மீதி 1 என்றால் 2³²-க்கு மீதி 2. ஆனால் 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். ஆக, ப-ஆல் வகுத்து மீதி பார்க்கும் உலகத்தில் 2 ஒரு முழு வர்க்கமாக ஆகிவிடுகிறது. எந்தெந்தப் பகா எண்களுக்கு அப்படி நடக்கும்? 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரும் பகா எண்களுக்கு மட்டும்தான். இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வரும் எண்கள் மட்டுமே களத்தில் நிற்கும்.

46340 வரை அப்படிப்பட்ட எண்களை எண்ணினால், பகா எண் அல்லாத 63-ஐ விட்டுவிட்டு, 372. அவற்றிலும் பெரும்பாலானவை பகு எண்கள்: 249 மூன்றால் வகுபடும், 497 ஏழால் வகுபடும், 559 என்பது 13 × 43. இப்படிக் கழித்தால் முதலில் நிற்பது 311, அடுத்தது 1303, அதற்கடுத்தது 1489. 2147483647-ஐ 311-ஆல் வகுத்தால் மீதி 35. 1303-ஆல் வகுத்தால் 226. 1489-ஆல் வகுத்தால் 199. இப்படியே கடைசிவரை போனால் மொத்தம் ஏறத்தாழ 80 வகுத்தல்தான். எதிலும் மீதி பூச்சியம் வராது. 400 மணி நேர வேலை ஒரு நாள் வேலையாகச் சுருங்கிவிட்டது. நான் முதல் பத்தை மட்டும் ஒரு மாலை நேரத்தில் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். அதற்கே இரண்டு தடவை பிசகியது. கண் தெரியாத ஒருவர் இதை முடித்தார் என்பது இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

இந்த நிரூபணத்தோடு இன்னொன்றும் கூடவே கிடைத்தது. 6-இன் வகுத்திகளை, அந்த 6-ஐ விட்டுவிட்டுக் கூட்டினால் 1 + 2 + 3 = 6. 28-க்கும் அப்படியே. இவற்றை நிறைவெண்கள் என்பார்கள். 2³¹ − 1 பகா எண் என்றால் அதை 2³⁰-ஆல் பெருக்கினால் வருவது நிறைவெண் என்பது யூக்ளிட் காலத்து முடிவு. அப்படி வந்தது 2305843008139952128, 19 இலக்கம். 1811-இல் ஆங்கிலக் கணிதர் பீட்டர் பார்லோ இந்த எண்ணைக் குறிப்பிட்டு, இதைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, இவை வெறும் வேடிக்கை எண்கள், பயனற்றவை, யார் மெனக்கெடப் போகிறார்கள் என்கிற பொருளில் எழுதிவைத்தார். 65 ஆண்டில், 1876-இல், பிரான்சின் லூக்கா 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டினார். அது 39 இலக்கம். அதற்கான நிறைவெண் தானாகவே கிடைத்துவிட்டது. "பயனற்றவை" என்ற பாதி எப்படிப் பொய்த்தது என்பதற்குக் கீழே வருகிறேன்.

சரி, கம்ப்யூட்டர். பிட் என்பது 0 அல்லது 1 வைக்கும் ஒரு இடம். 32 பிட்டில் ஒரு முழு எண்ணை வைக்கும்போது ஒரு பிட் கூட்டல்-கழித்தல் குறிக்குப் போய்விடுகிறது. மிச்சம் 31 பிட். எல்லாவற்றிலும் ஒன்றை நிரப்பினால் வரும் உச்ச எண் 2³¹ − 1. அவ்வளவுதான். பகா எண்ணாக இருப்பது தற்செயல். மற்ற அளவுகளைப் பார்த்தால் இது விளங்கும். 8 பிட்டுக்கு உச்சம் 127, பகா எண். 16 பிட்டுக்கு 32767, அது 7 × 31 × 151. 32 பிட்டுக்கு நம் ஆள். 64 பிட்டுக்கு 2⁶³ − 1, 63-ஐ மூன்றால் வகுக்கலாம் என்பதால் மேலே சொன்ன வெட்டும் முறையிலேயே 7-ஆல் வகுபட்டுவிடும். 128 பிட்டுக்கு 2¹²⁷ − 1, லூக்காவின் பகா எண். ஒன்று விட்டு ஒன்று பகா எண்ணாக அமைந்திருப்பது அழகுதான், ஆனால் யாரும் திட்டமிட்டது இல்லை.

இந்த எண்ணோடு எனக்கு முதல் அறிமுகமே கணிதத்தில் இல்லை, ஒரு மானக்கேட்டில். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்குக் கணக்கு மென்பொருள் எழுதினேன். தசமப் புள்ளித் தொல்லை வேண்டாமென்று எல்லாத் தொகையையும் பைசாவில், 32 பிட் முழு எண்ணாக வைத்தேன். மார்ச் கடைசியில் கடைக்காரர் போன் செய்தார். "என்ன தம்பி, வருஷம் பூரா வித்தும் நான் கடன்லயா இருக்கேன்?" திரையில் ஆண்டு விற்பனை கழித்தல் குறியோடு நின்றது. 2147483647 பைசா என்றால் 2 கோடியே 14 லட்சத்து 74 ஆயிரத்து 836 ரூபாய் 47 பைசா. அதற்கு மேல் ஒரு பைசா கூடினாலும் எண் குப்புற விழுந்து −2147483648-க்குப் போய்விடும். கடையின் விற்பனை அன்றைக்கு அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தது.

இதே விழுகை எல்லாருக்குமாகக் காத்திருக்கும் நாள் ஒன்றும் இருக்கிறது. 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளை 32 பிட்டில் எண்ணும் பழைய கருவிகளுக்கு அந்த எண்ணிக்கை 2147483647-ஐத் தொடுவது 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு. அடுத்த நொடியில் அவை 1901 டிசம்பருக்குப் போய்விடும். இதற்கும் பகா எண்ணுக்கும் சம்பந்தமில்லை, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்பதற்காகச் சொன்னேன்.

பகா எண் என்பது உண்மையிலேயே வேலைக்கு வருவது ரேண்டம் எண் உருவாக்குவதில். பார்லோவின் வாக்கு பொய்த்தது இங்கேதான். செய்முறை மிக எளிது. ஒரு எண்ணை எடு, 16807-ஆல் பெருக்கு, 2147483647-ஆல் வகுத்து மீதியை வைத்துக்கொள். மறுபடி அதையே செய். 1969-இல் ஐபிஎம் 360 கம்ப்யூட்டருக்காக லூயிஸ், குட்மன், மில்லர் மூவரும் கொடுத்த முறை இது. 1988-இல் பார்க், மில்லர் இருவரும் இதையே குறைந்தபட்சத் தரம் என்று முன்வைத்தார்கள். இன்றைக்கும் சி++ மொழியின் நூலகத்தில் இது இருக்கிறது. 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073 என்று போகும்.

16807 எங்கிருந்து வந்தது? அது 7⁵. வகுக்கும் எண் பகா எண்ணாக இருந்தால், ஏதோ ஒரு எண்ணின் அடுக்குகள் 1 முதல் 2147483646 வரை ஒன்றுவிடாமல் எல்லா மீதிகளையும் ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் திரும்பும் என்பது உறுதி. 2-க்கு அந்தக் குணம் இல்லை. மேலே பார்த்தோமே, அது 31 அடியிலேயே வீடு திரும்பிவிடும். அந்தக் குணமுள்ள மிகச் சிறிய எண் 7. அதன் எல்லா அடுக்குகளும் உதவுமா என்றால் இல்லை. நம் எண்ணில் ஒன்று குறைத்தால் வரும் 2147483646-ஐக் காரணிப்படுத்துங்கள்: 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. இதில் 5 இல்லை பாருங்கள். அதனால் 7⁵ முழுச் சுற்றையும் ஓடும். 3 இருப்பதால் 7³ எடுத்திருந்தால் சுற்று மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். காரணிகளில் 31 வந்து உட்கார்ந்திருப்பதும் தற்செயல் இல்லை. 2-இன் சுற்று 31 அடி என்பதால் அது அங்கே இருந்தே ஆக வேண்டும்.

மற்றப் பகா எண்களை விட்டுவிட்டு இதை எடுத்ததற்குக் காரணம் வகுத்தலின் சுலபம். 9-ஆல் வகுத்தால் என்ன மீதி என்று பார்க்க நாம் வகுப்பதே இல்லை, இலக்கங்களைக் கூட்டுகிறோம். ஏனென்றால் 9 என்பது பத்தில் ஒன்று குறைவு. அதே தந்திரம் இங்கேயும் பலிக்கும், 10-க்குப் பதில் 2³¹. 282475249-ஐ 16807-ஆல் பெருக்கினால் 4747561509943. இதை 31 பிட் எல்லையில் இரண்டாக வெட்டினால் மேல்துண்டு 2210, கீழ்த்துண்டு 1622647863. இரண்டையும் கூட்டுங்கள்: 1622650073. மேலே வரிசையில் மூன்றாவதாக இருந்த எண் அதுதான். வகுத்தலே நடக்கவில்லை. கம்ப்யூட்டருக்கு 31 பிட் எல்லையில் வெட்டுவது என்பது இருமப் புள்ளியை நகர்த்துகிற வேலை மட்டும், செலவே இல்லை. ஹாஷ் அட்டவணை (தகவலை ஒரு எண்ணாக மாற்றி, அந்த எண்ணைக்கொண்டே சட்டென்று தேடி எடுக்கும் பட்டியல்) எழுதுகிறவர்களும் 2³¹ − 1, 2⁶¹ − 1 மாதிரி எண்களை விரும்புவது இதற்காகத்தான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இந்த ரேண்டம் முறையைக் கடவுச்சொல்லுக்கோ பணப் பரிமாற்றத்துக்கோ தொடக் கூடாது. ஒரு எண் தெரிந்தால் அடுத்தடுத்த எண்கள் எல்லாம் தெரிந்துவிடும். சுற்றும் இன்றைய கணக்குக்குச் சின்னது, ஒரு சாதாரண மடிக்கணினியே ஒரு நிமிடத்துக்குள் முழுச் சுற்றையும் ஓடிவிடும். ஆனால் அறுபதுகளில் புழங்கிய ராண்டு என்ற முறையோடு ஒப்பிட்டால் இது தேவாமிர்தம். அது பகா எண்ணைக் கைவிட்டு, சோம்பலுக்கு 2³¹-ஆலேயே வகுத்தது, பெருக்கும் எண்ணாக 65539-ஐ வைத்தது. அதில் வரும் எண்களை மும்மூன்றாக எடுத்துக் கனசதுரத்துக்குள் புள்ளி வைத்தால், எல்லாப் புள்ளிகளும் வெறும் 15 தளங்களில் அடுக்கிவைத்த மாதிரி உட்கார்ந்துவிடும். குற்றத்தில் பெரும்பங்கு 65539-உடையது என்றாலும், 2³¹-ஆல் வகுத்ததாலும் ஒரு கேடு உண்டு: கடைசிப் பிட்டுகள் சில அடிகளிலேயே சுற்றிச் சுற்றி வர ஆரம்பித்துவிடும்.

இதுவரை இந்த எண்ணில் ஒன்று குறைத்துப் பார்த்தோம். எனக்கு அதிகம் பிடித்தது ஒன்று கூட்டிப் பார்ப்பது. கூட்டினால் 2³¹, சுத்தமான இரண்டின் அடுக்கு. மெர்சென் பகா எண்களுக்கு மட்டும் உள்ள குணம் இது.

இதன் விளைவைச் சின்ன அண்ணனான 7-இல் பார்ப்போம், 2³ − 1. 7-ஆல் வகுத்து மீதிகளை மட்டும் வைத்துக்கொள்ளும் உலகில் ஒரு வட்டம் வரையுங்கள்: இரண்டு எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 1 வர வேண்டும். (1, 0), (6, 0), (0, 1), (0, 6) நான்கும் உடனே தெரியும். அப்புறம் (2, 2): 4 + 4 = 8, மீதி 1. அதேபோல (2, 5), (5, 2), (5, 5). மொத்தம் எட்டுப் புள்ளிகள், 7 + 1. 31-க்குச் செய்தால் 32 புள்ளிகள். நம் எண்ணுக்கு 2³¹ புள்ளிகள். சாதாரண வட்டத்தில் கோணங்களைக் கூட்டுகிற மாதிரி இங்கேயும் புள்ளிகளைக் கூட்டலாம், அதே சைன், கொசைன் வாய்பாடுகள். (2, 2)-ஐ இரட்டித்தால் (0, 1). அதாவது அந்த உலகில் (2, 2) என்பது 45 டிகிரி!

இப்போது 31-இன் வட்டத்தில் (2, 11)-ஐ எடுங்கள். 4 + 121 = 125, மீதி 1, ஆகவே வட்டத்தின் மேல் இருக்கிறது. கோணத்தை இரட்டித்துக்கொண்டே போங்கள்: (7, 13), பிறகு (4, 27), பிறகு (0, 30). 30 என்பது இங்கே −1. நேர் கீழே வந்து நின்றுவிட்டோம், 270 டிகிரி. முதல் எண்ணை மட்டும் எடுத்து இருமடங்காக்கி எழுதினால் 4, 14, 8, 0. இந்த வரிசையை வட்டம் எதுவும் இல்லாமலே எழுதலாம்: 4-இல் தொடங்கு, வர்க்கப்படுத்தி 2-ஐக் கழி, மீதி எடு. 4 × 4 − 2 = 14. 14 × 14 − 2 = 194, மீதி 8. 8 × 8 − 2 = 62, மீதி 0. பள்ளியில் படித்த 2 கொசைன்² − 1 என்ற இரட்டைக்கோண வாய்பாடே வேடம் மாறி வந்திருக்கிறது.

இதுதான் லூக்கா-லெமர் சோதனை. லூக்கா 1870-களில் தொடங்கிவைத்ததை டெரிக் லெமர் 1930-களில் செம்மையாக்கினார். 2³¹ − 1-க்கு இதே விளையாட்டை 29 தடவை ஆடினால் சரியாக 0 வந்து நிற்கும். 0 வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை, விதிவிலக்கே கிடையாது. 2047-க்கு ஒன்பது தடவை ஆடிப் பாருங்கள், 1736-இல் வந்து நிற்கும், 23 × 89 என்று தெரியாமலே அது பகு எண் என்று சொல்லிவிடலாம். ஆய்லரின் ஏறத்தாழ 80 வகுத்தல்கள் 29 பெருக்கல்களாக ஆகிவிட்டன. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1, அதாவது 4 கோடியே 10 லட்சத்துக்கு மேல் இலக்கம் உள்ள பகா எண், இதே சோதனையில் தேறியதுதான்.

அந்த வட்டத்துக்கும் இப்போது வேலை வந்துவிட்டது. பிளாக்செயின் உலகில் ஒரு கணக்கைச் சரியாகச் செய்தேன் என்று, முழுக் கணக்கையும் காட்டாமல் நிரூபிக்கும் முறைகள் இருக்கின்றன. அவற்றுக்கு மறுபடி மறுபடி பாதியாக வெட்டக்கூடிய ஒரு புள்ளித்தொகுதி வேண்டும். 2³¹ புள்ளிகள் உள்ள வட்டம் அதற்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. 2024-இல் வந்த சர்க்கிள் ஸ்டார்க் என்ற முறை 2147483647-ஐத்தான் அடித்தளமாக வைக்கிறது.

கடைசியாக ஒன்று. 5-ஐ அடுக்காக்கினால் 2⁵ − 1 = 31, பகா எண். அந்த 31-ஐயே அடுக்காக்கினால் 2147483647, மறுபடி பகா எண். அப்படியே இதையும் அடுக்காக்கினால்? 2²¹⁴⁷⁴⁸³⁶⁴⁷ − 1. இதற்கு 64 கோடிக்கு மேல் இலக்கங்கள். எழுதவே முடியாத எண், லூக்கா-லெமர் சோதனையை இதற்கு ஓட்டுவதும் லேசில் நடக்கிற காரியமில்லை. ஆனால் ஆய்லரின் சல்லடை இங்கேயும் செல்லும்: வகுத்தி என்று ஒன்று இருந்தால், 2 × 2147483647-இன் ஏதோ ஒரு மடங்கோடு 1 கூட்டியதாக இருக்க வேண்டும், 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். கம்ப்யூட்டரை வைத்து அந்த வரிசையில் தேடியபோது 68745-ஆவது மடங்கில் அகப்பட்டுவிட்டது: 295257526626031. சங்கிலி அங்கே அறுந்தது. கால்குலேட்டர் இருந்தால் 4294967294-ஐ 68745-ஆல் பெருக்கி ஒன்று கூட்டிப் பாருங்கள். கடைசி மூன்று இலக்கம் 031, 8-ஆல் வகுத்தால் மீதி 7.